கோழிக் கட்டியில் தொடங்கிய கதை: பெய்ட்டன் ரவுஸும் மரபணு சிகிச்சையும்

மும்பையோ டில்லியோ கொல்கத்தாவோ, நாம் எந்த ஊரில் குடியிருந்தாலும் என்றாவது ஒரு நாள் நம் வீட்டுத் தொலைபேசியில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "கட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருக்காங்க. ரிப்போர்ட் வந்தாத்தான் எதையும் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டார்." அந்த ரிப்போர்ட்டை எழுதுபவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி போகும். மருந்து எழுதிய டாக்டரின் பெயர் பேரன் பேத்திவரை தெரியும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து "இது புற்றுதான்" அல்லது "கவலை வேண்டாம், சாதாரணக் கட்டி" என்று தீர்ப்பு எழுதுகிற நோய்க்குறியியல் நிபுணரை மட்டும் நோயாளி பார்ப்பதே இல்லை. பேச்சு வழக்கில் அவரைப் பெத்தாலஜிஸ்ட் என்கிறோம்.

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் பெய்ட்டன் ரவுஸ். அமெரிக்கர். ஒரு கோழியின் மார்பில் இருந்த கட்டியை அவர் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிதான் பல கைகள் மாறி, பல தலைமுறைகள் கடந்து, இன்று 'ஜீன் தெரபி' என்று நாம் கேள்விப்படுகிற மரபணு சிகிச்சைக்கு வழிவிட்டது. "ஜீனையே மாத்தி கான்சரைக் குணப்படுத்துறாங்களாமே, நம்ம மாமாவுக்குக் கிடைக்குமா?" என்று இப்போதெல்லாம் பலரும் கேட்கிறார்கள். அதற்கு நேர்மையான பதில் வேண்டுமானால் கதையை ஆரம்பத்திலிருந்து தெரிந்துகொள்வது நல்லது.

டாக்டராக வேண்டாம் என்று முடிவு செய்தவர்

ரவுஸ் 1879-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார்தான் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது சவப் பரிசோதனை ஒன்றில் காசநோய் தாக்கிய எலும்பு அவர் விரலைக் கீறிவிட்டது. அந்தச் சின்னக் கீறல் வழியாகக் காசம் உடம்பில் ஏறி, அக்குளில் நெறி கட்டியது. நெறியை அறுத்து எடுத்துவிட்டு, படிப்பை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் டெக்சாஸுக்குப் போய் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். திறந்த வெளிக் காற்றில் உடம்பு தேறிய பிறகு திரும்பி வந்து 1905-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கி மருத்துவமனையில் சில காலம் பணிபுரிந்ததும், நோயாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பது தனக்கு ஒத்துவராது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நோய் எப்படி வருகிறது, உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைத் தேடுவதே தன் வேலை என்று முடிவு செய்து நோய்க்குறியியலுக்கு வந்தார். 1909-இல் நியூயார்க்கில் இருந்த ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் புற்றுநோய் ஆய்வுக்கூடம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. "எதை வேண்டுமானாலும் ஆராய்ச்சி பண்ணு, புற்றுநோயில் மட்டும் மாட்டிக்கொள்ளாதே" என்கிற மாதிரியான எச்சரிக்கையைத்தான் பெரியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது முட்டுச்சந்து என்று பெயர் வாங்கிய துறை.

பண்ணையிலிருந்து வந்த கோழி

அந்த 1909-ஆம் ஆண்டிலேயே, பிளிமத் ராக் என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு பெட்டைக் கோழி அவரிடம் வந்து சேர்ந்தது. கோழியின் மார்பில் வலப்பக்கம் பெரிய கட்டி. வேறொருவராக இருந்தால் கட்டியை வெட்டிப் பார்த்து, "இது சார்கோமா வகைப் புற்று" என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ரவுஸ் கட்டியின் சிறு துண்டுகளை அதே வளர்ப்பைச் சேர்ந்த மற்றக் கோழிகளுக்குள் வைத்துப் பார்த்தார். சிலவற்றில் கட்டி வளர்ந்தது. 1910-இல் அதை வெளியிட்டார். அதுவரை யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எலியின் புற்றை எலிக்கு ஒட்ட வைப்பது ஏற்கெனவே தெரிந்த வித்தைதான். புற்றுச் செல்லை எடுத்து வைத்தோம், அது வளர்ந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். செல் ஒன்றுகூட இல்லாமல் கட்டி வருமா?

கட்டியை மணலோடு சேர்த்து அரைத்து, உப்புக் கரைசலில் கலக்கி, சுழலும் இயந்திரத்தில் போட்டுக் கசடை அடியில் தள்ளினார். மேலே தெளிந்த நீரைப் பெர்க்ஃபெல்ட் வடிகட்டி வழியாக விட்டார். நம் வீட்டு எவர்சில்வர் வாட்டர் ஃபில்டருக்குள் வெள்ளையாக ஒரு கேண்டில் இருக்குமே, அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமான்தான் இது. அதன் நுண்துளைகளில் செல்களும் நுழைய முடியாது, பாக்டீரியாவும் நுழைய முடியாது. வடிகட்டி உண்மையிலேயே பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்பதையும் சோதித்து வைத்துக்கொண்டார். பிறகு வடிகட்டிய அந்தத் தெளிநீரைக் கோழிகளுக்கு ஊசி போட்டார். கட்டி வந்தது. முதல் கோழியின் கட்டி எப்படி இருந்ததோ அதே மாதிரிக் கட்டி.

செல்லும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. அப்படியானால் அவற்றைவிடச் சிறிய ஏதோ ஒன்று புற்றை உண்டாக்குகிறது. இந்த முடிவு 1911-இல் அச்சேறியது. அந்தச் சிறிய பொருளைத்தான் இன்று ரவுஸ் சார்கோமா வைரஸ் என்று அழைக்கிறோம். அவருக்கு முன்பே, 1908-இல், டென்மார்க்கைச் சேர்ந்த எல்லர்மானும் பாங்கும் கோழிகளின் ரத்தப் புற்று இப்படிப் பரவுவதைக் காட்டியிருந்தார்கள். ஆனால் ரத்தப் புற்றைப் புற்றுநோய்க் கணக்கிலேயே அன்று சேர்க்கவில்லை. அதனால் அது எடுபடாமல் போயிற்று.

யாரும் நம்பவில்லை

ரவுஸின் முடிவும் எளிதில் எடுபடவில்லை. வடிகட்டியில் எங்கோ ஓட்டை இருந்திருக்கும் என்றார்கள் சிலர். கோழிக்கு வருவது உண்மையான புற்றே இல்லை என்றார்கள் வேறு சிலர். மனிதரின் புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை என்பது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, வைரஸால் புற்று என்றால் எப்படி ஏற்பது? எலி, முயல் போன்ற பாலூட்டிகளில் இதேபோல ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினால் வாயை அடைக்கலாம் என்று ரவுஸ் சில ஆண்டுகள் முயன்றார். கிடைக்கவில்லை. 1915 வாக்கில் அந்த ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டார்.

கை கட்டி உட்கார்ந்துவிடவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ரத்தம் கொடுப்பவரைப் பக்கத்திலேயே படுக்க வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எடுத்து வைத்தால் கெட்டுவிடும். ரவுஸும் டர்னர் என்பவரும் சிட்ரேட்டும் சர்க்கரையும் கலந்த கரைசலில் ரத்தச் சிவப்பணுக்களைக் குளிரில் வாரக்கணக்கில் கெடாமல் வைக்க முடியும் என்று 1916-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற டாக்டர் இதை வைத்துப் பிரான்சின் போர்க்களத்தில் ரத்தத்தைச் சேமித்து, காயம்பட்ட வீரர்களுக்கு ஏற்றினார். இன்றைய ரத்த வங்கிகளின் தொடக்கம் இதுதான்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவர் திரும்பி வந்தது 1930-களில். ரிச்சர்ட் ஷோப் என்ற நண்பர் காட்டு முயல்களின் தோலில் வரும் மருவுக்கு வைரஸ் காரணம் என்று 1933-இல் கண்டறிந்து, மேற்கொண்டு ஆராயும்படி ரவுஸிடம் ஒப்படைத்தார். அந்த மரு சில முயல்களில் நாளடைவில் புற்றாக மாறுவதை ரவுஸ் காட்டினார். தார் போன்ற ரசாயனங்களைத் தடவினால் அது வேகமாகவும் நடந்தது. ஒரே அடியில் புற்று வந்துவிடுவதில்லை, படிப்படியாக வருகிறது, ஒன்று விதைக்கிறது, இன்னொன்று அதை வளர்த்துவிடுகிறது என்ற கருத்து இந்த ஆராய்ச்சிகளில்தான் உருப்பெற்றது. புகையிலை போடுகிற எல்லோருக்கும் புற்று வராமல் சிலருக்கு மட்டும், அதுவும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஏன் வருகிறது என்பதை இந்தக் கண்ணோட்டத்தில்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து

ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1926-லேயே ரவுஸின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு கிடைத்தது 1966-இல்தான். கோழி ஆராய்ச்சி அச்சேறி 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 87. ஹார்மோன் மூலம் புராஸ்டேட் புற்றுக்குச் சிகிச்சை கண்ட சார்லஸ் ஹக்கின்ஸும் அவரோடு அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் காரணம் செல்லின் மரபணுவில் ஏற்படும் மாற்றமே என்ற கருத்தை ரவுஸ் கடைசிவரை ஏற்கவில்லை. நோபல் மேடையிலேயே அதை மறுத்துப் பேசினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் உலகம் தன்னை நம்பவில்லை என்று காத்திருந்தவர், இளையவர்கள் சொன்னதைத் தானும் நம்பவில்லை. 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில், வயிற்றுப் புற்றுநோயால் அவர் இறந்தார். அவருடைய வைரஸே அவர் கருத்தைப் பொய்யாக்கப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

கோழியின் சொந்தச் சரக்கு

அதே 1970-ஆம் ஆண்டு, அவர் இறந்து நான்கு மாதங்களில், இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாக ஒரே கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். ஒருவர் ஹோவர்ட் டெமின், இன்னொருவர் டேவிட் பால்டிமோர். டெமின் பல ஆண்டுகளாக ரவுஸின் வைரஸையே வைத்து ஆராய்ந்தவர். இந்த வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் அது அந்தச் செய்தியை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. அதுவரை டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. வரும், அந்தப் பக்கம் ஒரு வழிப் பாதை என்றே நினைத்திருந்தார்கள். இந்த வைரஸ் எதிர்த் திசையில் வண்டி ஓட்டியது. இப்படிப்பட்டவற்றை ரெட்ரோவைரஸ் என்கிறோம். 1975-இல் இதற்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து 1976. கலிபோர்னியாவில் பிஷப், வார்மஸ், ஸ்டெலின், வோக்ட் ஆகியோர், ரவுஸ் வைரஸில் புற்றை உண்டாக்குகிற 'சார்க்' என்ற மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். பதில் எல்லோரையும் திகைக்க வைத்தது. நோயே இல்லாத சாதாரணக் கோழியின் செல்லிலும் அந்த மரபணு இருந்தது. வேறு பறவைகளிடமும் இருந்தது. பிற்பாடு பார்த்தபோது மனிதரிடமும் இருந்தது. என்றோ ஒரு காலத்தில் வைரஸ் கோழியின் மரபணுவைத் திருடித் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது!

இதை நம் அடுப்படிக் கணக்கில் சொல்லலாம். செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடுவதில் சார்க் மரபணு உண்டாக்கும் புரதத்துக்குப் பங்கு உண்டு. கேஸ் அடுப்பின் திருகு மாதிரி, தேவைக்குத் திறந்து தேவை முடிந்ததும் மூட வேண்டும். வைரஸ் திருடிக்கொண்டு போன பிரதியில் மூடுகிற பகுதி அறுந்துபோய்விட்டது. எப்போதும் திறந்தே இருக்கிற திருகு. செல் பெருகிக்கொண்டே போகிறது. வைரஸ் வராமலேயே, புகையிலையாலோ கதிர்வீச்சாலோ செல் பிரியும்போது ஏற்படும் பிழையாலோ நம் சொந்தத் திருகுகள் இப்படிப் பழுதாகலாம். பெரும்பாலான புற்றுநோய்களில் நடப்பது இதுதான். பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது.

திருகு எது என்று தெரிந்ததும் அதை மூட மருந்து தேடினார்கள். நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றில் இப்படித் திறந்து கிடந்த திருகை மூடுகிற இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரையின் குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை தர முடியாது என்று 2006-இல் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு ஏறி இறங்கி, 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாதத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆன மருந்து, இந்தியத் தயாரிப்பாகப் பத்தாயிரம் ரூபாய் அளவில் நம் நோயாளிகளுக்குத் தொடர்ந்து கிடைக்க அந்தத் தீர்ப்பு உதவியது.

திருடன் கையில் சாவி

இப்போது மரபணு சிகிச்சைக்கு வருவோம். ரெட்ரோவைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன் மரபணுவை நிரந்தரமாகச் செருகத் தெரிந்த திருடன். அவனிடம் இருக்கிற கெட்ட சரக்கை எல்லாம் பிடுங்கிவிட்டு, நமக்கு வேண்டிய நல்ல மரபணுவைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினால் என்ன? திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கிற யோசனைதான். ஆனால் பலித்தது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1989-இல் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் புற்று நோயாளிகளின் வெள்ளணுக்களில் இப்படி ஓர் அடையாள மரபணுவை வைத்து, அவை உடம்பில் எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். அது சிகிச்சை இல்லை, வெறும் முத்திரை குத்துவது. 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி, பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நான்கு வயதுச் சிறுமிக்கு முதல் முறையான மரபணு சிகிச்சை அங்கேயே நடந்தது. சாவி சுமந்து போனது எலியின் ரத்தப் புற்று வைரஸிலிருந்து செய்த ஊர்தி. சிறுமி நன்றாக வளர்ந்தார். ஆனால் அவருக்கு மருந்து ஊசியும் தொடர்ந்து போடப்பட்டதால், எவ்வளவு பலன் எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது.

பிறகு அடிமேல் அடி விழுந்தது. 1999-இல் அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவர், வேறு வகை வைரஸ் கொண்ட மரபணு சிகிச்சைச் சோதனையில் இறந்தார். பாரிஸிலும் லண்டனிலும், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த 20 குழந்தைகளுக்கு ரெட்ரோவைரஸ் சிகிச்சை கொடுத்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் 2002 முதல் ஒவ்வொன்றாக அவர்களில் ஐந்து குழந்தைகளுக்கு ரத்தப் புற்று வந்தது. ஒரு குழந்தை இறந்தது. நல்ல மரபணுவைச் சுமந்து போன ஊர்தி, செல்லின் பெருக்கத்தைத் தூண்டும் மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டிருந்தது. ரவுஸின் கோழிக்கு நடந்ததன் உறவுக்கார விபத்து இது.

மரபணு சிகிச்சையை அதோடு மூடிவிடவில்லை. பக்கத்து மரபணுக்களைத் தூண்டாதபடி ஊர்தியை மாற்றி அமைத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கண்காணிப்பது கட்டாயமாயிற்று. எந்த இடத்தில் மரபணு செருகிக்கொண்டது என்று பார்த்துச் சொல்வதும், நாளை கட்டி வந்தால் அது பழைய நோயா சிகிச்சையால் வந்ததா என்று பிரித்துச் சொல்வதும் மறுபடியும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற பெத்தாலஜிஸ்டின் வேலைதான்.

மும்பைக்கும் வேலூருக்கும் வந்தது

புற்றுநோயில் மரபணு சிகிச்சை இன்று அதிகம் பேசப்படுவது 'கார்-டி' என்ற வடிவத்தில். நோயாளியின் ரத்தத்தை இயந்திரம் வழியாக ஓடவிட்டு, 'டி' செல் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து எடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில், செயலிழக்கச் செய்த வைரஸ் ஊர்தி வழியாக ஒரு புதிய மரபணுவை அவற்றில் வைப்பார்கள். புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்துத் தாக்கும் ஆற்றல் அதனால் அவற்றுக்கு வருகிறது. கோடிக்கணக்கில் பெருக்கி, டிரிப் ஏற்றுவதுபோல அவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 2017-இல் இதற்கு முதல் அனுமதி கிடைத்தது. மருந்தின் விலை மட்டும் 4,75,000 டாலர்.

மும்பை பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை 2023 அக்டோபரில் இந்திய அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விலை மேல்நாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு அளவு. இருந்தாலும் முப்பது நாற்பது லட்சம் ரூபாய் என்பது நம் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சாமானியத் தொகை இல்லை. மற்றச் சிகிச்சைகள் பலிக்காதவர்களிடம் நடந்த சோதனையில், மதிப்பிடக்கூடியவர்களில் சுமார் 73 சதவீதத்தினருக்கு நோய் குறைந்தது. அப்படியானால் நால்வரில் ஒருவருக்குப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஒரு சாதனை நடந்திருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா 'ஏ' நோயாளிகள் ஐந்து பேருக்கு இதே வைரஸ் ஊர்தி முறையில் மரபணு சிகிச்சை கொடுத்து, ரத்தக் கசிவு நின்றதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அது புற்றுநோய் இல்லை. ஆனாலும் மரபணுவைச் செருகும் வித்தை ஒன்றுதான்.

நம் வீடுகளுக்கு என்ன?

உறவினர் யாருக்காவது புற்று என்று தெரிந்து, "ஜீன் தெரபி பண்ணிடலாமா?" என்ற பேச்சு வந்தால், சில விஷயங்களை நினைவில் வைப்பது நல்லது.

முதலாவது, கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்திருப்பது ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று வகைகளில் சிலவற்றுக்குத்தான். அதுவும் வழக்கமான மருந்துகள் பலிக்காமல் போனவர்களுக்கு. மார்பு, வாய், கருப்பை வாய், இரைப்பைப் புற்று என்று நம் குடும்பங்களில் அதிகம் பார்க்கிறவற்றுக்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்ற பழைய வழிகள்தான் இன்றும் கைகொடுக்கின்றன. ஆரம்பத்திலேயே வந்தால் நன்றாகவே கைகொடுக்கின்றன. எல்லாப் புற்றையும் ஜீன் மாற்றிக் குணப்படுத்துவதாக யாராவது விளம்பரம் செய்தால் நிலத்தை விற்கிற முன் வேறொரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பக்க விளைவுகளும் உண்டு. கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவது, தொற்று, சில சமயம் மனக்குழப்பம். சிகிச்சைக்குப் பிறகு மிகச் சிலருக்கு வேறொரு புற்று வரக்கூடும் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கும்படி 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துத் துறை சொன்னது. பாரிஸ் குழந்தைகள் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை இன்னும் காலாவதியாகவில்லை.

மூன்றாவது, வைரஸ் என்றதும் பயந்துவிடக் கூடாது. புற்று நோயாளியோடு உட்கார்ந்து சாப்பிட்டாலோ கட்டிப்பிடித்தாலோ புற்று தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து நோயாளியின் மனதை நோகடிக்க வேண்டாம். சில புற்றுகளுக்கு மட்டும் வைரஸ் காரணம். கருப்பை வாய்ப் புற்றுக்கு எச்.பி.வி., ஈரல் புற்றுக்கு ஹெபடைடிஸ் 'பி'. இரண்டுக்குமே தடுப்பூசி இருக்கிறது. புணே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற எச்.பி.வி. ஊசி 2023 முதல் கிடைக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போடுவது சிறந்தது. எந்தக் கார்-டியையும்விட இது மலிவு.

நான்காவது, புகையிலை. டாடா மெமோரியல் மருத்துவமனை 1941-இல் தொடங்கியபோது அதன் ஆய்வுக்கூடங்களுக்குப் பொறுப்பேற்றவர் வி.ஆர். கானோல்கர். அவரும் பெத்தாலஜிஸ்ட்தான். வாய்ப் புற்றுக்கும் மக்களின் மெல்லும், புகைக்கும் பழக்கங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதியவர். எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாடத்தை நாம் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பான் கடை வாசலில் நிற்கிற நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது பெரியவர்களின் கடமை.

கடைசியாக ஒன்று. பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையில் வைத்திருக்கும் கட்டியின் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் காட்டிக் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. எந்தத் திருகு பழுது என்று சோதித்துச் சொல்லவும், எந்த மருந்து பொருந்தும் என்று முடிவு செய்யவும் அந்தச் சிறு துண்டுதான் ஆதாரம்.

1909-இல் அந்தக் கோழி வந்தபோது ரவுஸ் பெயரை மட்டும் எழுதிவிட்டு விட்டிருந்தால், இந்த வழி திறக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ தெரியாது. அடுத்த முறை நம் வீட்டுக்கு ஒரு ரிப்போர்ட் வரும்போது, அதன் அடியில் இருக்கிற கையெழுத்தையும் ஒரு தரம் பாருங்கள். நாம் முகம் பார்க்காத அந்த டாக்டருக்கும் நம் நன்றி உரியது.